சிவப்பு அட்டைக்கு எட்டாத இடம்: திருச்சிக் கால்பந்து ரசிகரின் வழக்கு

கால்பந்து ரசிகர்கள் கூடும் இடங்களில் இரண்டு மனக்குறைகள் ஓயாமல் பேசப்படுகின்றன: ஆட்டக்காரர் களத்தில் தவறாக நடந்துகொண்டார் என்பது ஒன்று, அணியை நடத்துபவர்கள் அதை ஒழுங்காக நடத்தவில்லை என்பது மற்றொன்று. முதல் குறைக்கு விதிப்புத்தகத்தில் பெயர் உண்டு, விசாரிக்க நடுவரும் ஒழுங்குக் குழுவும் உண்டு, தண்டனைக்கு அளவும் உண்டு. இரண்டாவது குறையை ரசிகர் எடுத்துச் சென்று முறையிட இந்தியக் கால்பந்தில் வாசல் எதுவும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வின் விளைவாக, நிர்வாகத்தின் மேல் எழும் கோபத்தின் பெரும்பங்கு, கண்முன் நிற்பவரும் தண்டிக்கத் தக்கவருமான ஆட்டக்காரரின் தலையில் இறங்குகிறது என்பதும், சொந்தக் கழகமே இல்லாத திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களின் ரசிகர்களிடம் இது இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

நடத்தைக்கேடு என்று கால்பந்தில் சொல்லப்படுவது எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டவிதிகளின் 12ஆம் விதி, முறைகேடான ஆட்டத்தையும் முறைகேடான நடத்தையையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. பந்தைப் பறிக்கும் முயற்சியில் எதிராளிக்குக் காயம் உண்டாகும்படி மோதுவது கடுமையான முறைகேட்டு ஆட்டம்; பந்தோடு தொடர்பே இல்லாமல் ஒருவரை அடிப்பதோ முட்டுவதோ வன்முறை நடத்தை. இரண்டுக்கும் சிவப்பு அட்டை, அதாவது உடனடி வெளியேற்றம். நடுவரோடு வாதிடுவது, நேரத்தை வேண்டுமென்றே கடத்துவது, அடிபட்டதுபோல நடிப்பது, கோல் போட்ட களிப்பில் சட்டையைக் கழற்றுவது முதலியவற்றுக்கு மஞ்சள் அட்டை. அதுவே ஒரே ஆட்டத்தில் இரண்டாவது முறை வந்தால் சிவப்பாகிவிடும்.

இந்த அட்டைகள் பிறந்த கதையில் ரசிகருக்கும் ஒரு பங்கு உண்டு. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய அர்ஜென்டினா அணித்தலைவர் ரத்தீனை ஜெர்மானிய நடுவர் வெளியேற்றியபோது, இருவருக்கும் பொதுவான மொழி இல்லாததால் ரத்தீன் நெடுநேரம் களத்தை விட்டு நகரவில்லை. என்ன நடக்கிறது என்று அரங்கத்துக்கும் விளங்கவில்லை. அந்தக் குழப்பத்துக்குப் பிறகே ஆங்கில நடுவர் கென் ஆஸ்டன், போக்குவரத்து விளக்கின் நிறங்களைக் கொண்டு அட்டை காட்டும் முறையை முன்வைத்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பு மாடத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அக்கணமே தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய கருவி இல்லை. நிர்வாகத்தின் தவறுகளுக்கு இப்படி ஒரு கருவி வரவில்லை. சம்பளம் நிலுவையில் நிற்பதோ, பயிற்சியாளர் மாற்றத்தின் காரணமோ, வீரர் விற்பனையில் கைமாறிய தொகையோ மாடத்துக்குத் தெரிவது பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகுதான்.

களத்தில் நடக்கும் ஒரு மோதல் அரங்கத்துக்குப் பரவினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியக் கால்பந்தின் மிகக் கொடிய சான்று கொல்கத்தாவில் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் நடந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில், ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மோகன் பகானின் பிதேஷ் போஸும் மோதிக்கொண்டதைத் தொடர்ந்து மாடத்தில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தனர். ஆட்டக்காரர் இருவரின் பெயரும் இன்றுவரை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரு தரப்பு ரசிகர்களையும் பிரிக்காமல் உட்கார வைத்தவர்கள் யார், வாசல்களின் நிலை என்ன, காவல் ஏற்பாடு எப்படி இருந்தது என்ற கேள்விகள் அந்த அளவுக்கு நினைவில் இல்லை.

2012 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக் அரங்கில் இதே இரு அணிகளும் மோதியபோது, மோகன் பகானின் ஒடாஃபா ஒகோலி சிவப்பு அட்டை பெற்றார். மாடத்திலிருந்து வந்த கல் அதே அணியின் ரஹீம் நபியின் முகத்தைக் காயப்படுத்தியது. இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களமிறங்க மறுத்துவிட்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் முதலில் அக்கழகத்தை ஐ-லீக்கிலிருந்து விலக்கியது. பின்னர் அத்தடையைத் தளர்த்தி, அதுவரை ஈட்டிய புள்ளிகளை அழித்து 2 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆட்டக்காரர், ரசிகர், நிர்வாகம் ஆகிய மூவரின் நடத்தையும் ஒரே மாலையில் குற்றக்கூண்டில் ஏறிய அரிய வழக்கு இது. இறங்க மறுத்த முடிவு யாருடையது என்று பார்த்தால், தண்டனையின் சுமை கழகத்தின் மேல் விழுந்தது முறையே என்று தோன்றும். ஆனால் அழிக்கப்பட்ட புள்ளிகளுக்காகப் பருவம் முழுவதும் மழையிலும் வெயிலிலும் மாடத்தில் நின்றவர்கள் அந்த முடிவில் ஒரு பேச்சுக்கும் இடம் பெறவில்லை.

அதற்குப் பத்தாண்டு கழித்துப் பெங்களூரில் நடந்தது தமிழகத்துக்கு இன்னும் அருகில் நடந்த விவாதம். 2023 மார்ச் 3 அன்று ஸ்ரீகண்டீரவா அரங்கில் பெங்களூரு எஃப்சிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும் இடையிலான இந்தியன் சூப்பர் லீக் வெளியேற்றுச் சுற்று, கோலின்றிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. பெங்களூருக்குக் கிடைத்த ஒரு ஃப்ரீ கிக்கை, கேரள ஆட்டக்காரர்கள் தடுப்புச் சுவரை அமைத்து முடிப்பதற்குள், கோல்காப்பாளர் தன் இடத்துக்கு வருவதற்குள், சுனில் சேத்ரி சட்டென்று வலைக்குள் அனுப்பினார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் என்றார். எதிரணி 9.15 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அதன் கடமை. அந்த விலகலைக் கேட்காமலேயே விரைந்து உதைப்பது உதைக்கும் அணியின் உரிமை. ஆனால் நடுவர் ஒருமுறை குறுக்கிட்டுக் காத்திருக்கச் சொல்லிவிட்டால் ஊதல் ஒலித்த பிறகே உதைக்க வேண்டும். அவர் அப்படிக் குறுக்கிட்டாரா என்பதில்தான் வழக்கு முழுவதும் தங்கியிருந்தது. பயிற்சியாளர் இவான் வுகொமனோவிச் தம் வீரர்களைக் களத்திலிருந்து அழைத்துக்கொண்டு வெளியேறினார். ஆட்டம் பெங்களூருக்கு அளிக்கப்பட்டது. அதே மாத இறுதியில் ஒழுங்குக் குழு, கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பகிரங்க மன்னிப்புக் கேட்கத் தவறினால் அது 6 கோடியாகும் என்ற நிபந்தனையும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

இந்த வழக்கில் ரசிகர்கள் பிரிந்து நின்ற விதம் கவனிக்கத் தக்கது. சேத்ரி செய்தது விளையாட்டு நெறிக்குப் பொருந்துமா என்று ஒரு தரப்பு கேட்டது. விதி இடம் தந்ததைச் செய்தவரைக் குறை சொல்வானேன் என்று மறுதரப்பு கேட்டது. வெளியேறிய பயிற்சியாளரைக் கேரள ரசிகர்கள் கொச்சி விமான நிலையத்தில் திரண்டு வரவேற்றனர். கழகத்தின் கருவூலத்திலிருந்து கோடிக் கணக்கில் பணம் போகக் காரணமான ஒரு முடிவை வீரச்செயல் என்று ஏற்றுக்கொண்ட அதே ரசிகர் கூட்டம், அடுத்த ஆண்டே நிர்வாகத்தோடு கடுமையாக மோதியது என்பதை நினைத்தால், ரசிகரின் நீதிக் கணக்கு பெரும்பாலும் நியாயத்தைவிடப் பற்றையே பின்தொடர்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரசிகருக்கு நிர்வாகத்தில் குரல் வேண்டும் என்று வாதிடுவோர் இந்தச் சங்கடத்தை மறைத்துவிட்டு வாதிடக் கூடாது.

களத்துக்கு வெளியே வாயால் செய்யும் தவறு இன்னொரு வகை. 2022 பிப்ரவரியில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் சந்தேஷ் ஜிங்கன், பெண்களோடு ஆடியதுபோல் இருந்தது என்ற பொருளில் பேசியது ஒளிப்பதிவில் சிக்கியது. அவர் மன்னிப்புக் கேட்டார். அவர் முன்பு கேரள அணிக்கு ஆடியவர். அவர் அணிந்த 21ஆம் எண் சட்டையை அக்கழகம் யாருக்கும் தராமல் ஒதுக்கி வைத்திருந்தது. அந்த மரியாதையைத் திரும்பப் பெற வேண்டும் என்று ரசிகர்கள் குரல் எழுப்பினர். அபராதமும் தடையும் சம்மேளனத்தின் கையில் இருக்க, சட்டை எண் மட்டுமே தங்கள் கைக்கு எட்டியது என்பதை அந்த ரசிகர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தனர்.

தமிழ்நாட்டுக்கு வந்தால், திருச்சி ரசிகருக்கு உரிமை கொண்டாடக் கிடைக்கும் முதல்நிலைக் கழகம் 2014இல் தொடங்கப்பட்ட சென்னையின் எஃப்சி. அபிஷேக் பச்சன், வீட்டா தானி, மகேந்திர சிங் தோனி ஆகியோரை உரிமையாளர்களாகக் கொண்ட அக்கழகம், முதல் பயிற்சியாளராக அமர்த்தியது மார்கோ மட்டராசியை. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜினதீன் ஜிதான் தலையால் முட்டியது இவருடைய மார்பில்தான். முட்டிய ஜிதானுக்கு மூன்று ஆட்டத் தடை விதித்த ஃபிஃபா, வாயால் தூண்டியதற்காக இவருக்கும் இரண்டு ஆட்டத் தடையும் 5,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. நடத்தைக்கேட்டின் இலக்கணத்தில் உதாரணமாகவே நிற்கும் ஒருவரை ஒழுங்கு கற்பிக்கும் பொறுப்பில் அமர்த்தியதில் ஒரு நகைமுரண் உண்டு. 2014 டிசம்பரில் சென்னையில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேரக் களத்தில் இருந்த மட்டராசி சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். கொச்சியில் 3–0 எனத் தோற்றுவந்த அணி சென்னையில் மூன்று கோல் போட்டுச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் விட்ட ஒரே கோலால் வெளியேறியது. தவறு செய்த ஆட்டக்காரரும் அவரைக் களமிறக்கிய நிர்வாகியும் ஒருவரே என்பதால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரசிகர் தடுமாறிய வழக்கு இது. வெற்றி வந்ததும் எல்லாம் மறக்கப்பட்டது.

வெற்றி அடுத்த ஆண்டே வந்தது. 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தால் அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தைப் புணேயில் ஆட நேர்ந்த அணி, டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்தா அரங்கில் 87ஆம் நிமிடத்தில் கோல் வாங்கி 2–1 எனப் பின்தங்கியது. 90ஆம் நிமிடத்தில் எஃப்சி கோவாவின் கோல்காப்பாளர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து அவருடைய வலைக்குள்ளேயே விழுந்தது. இரண்டு நிமிடம் கழித்து ஸ்டீவன் மெண்டோசா வெற்றிக் கோலை அடித்தார். கொண்டாட்டத்தின் நடுவே சென்னை அணித்தலைவர் எலானோ, எதிர்க் கழகத்தின் இணை உரிமையாளர் ஒருவரைத் தாக்கியதாகப் புகார் எழுந்து, கைதாகிப் பிணையில் வெளிவந்தார். எஃப்சி கோவா பரிசளிப்பு விழாவைப் புறக்கணித்தது. அதன் நடத்தையை விசாரித்த ஆணையம் 2016இல் 11 கோடி ரூபாய் அபராதமும் 15 புள்ளிக் கழிப்பும் விதித்தது. மேல்முறையீட்டில் புள்ளிக் கழிப்பு நீங்கி, அபராதமும் குறைந்தது. ஒரு கழகத்தின் உரிமையாளர்களே ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானது இந்தியக் கால்பந்தில் அரிது. ஆனால் அவர்கள் விசாரிக்கப்பட்டதும் லீக்கின் கண்ணியம் கெட்டதற்காகவே. தங்கள் ரசிகருக்கு இழைத்த எந்தக் குறைக்காகவும் அன்று.

2017–18இல் இரண்டாம் முறை கோப்பை வென்ற அதே சென்னையின் எஃப்சி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு பத்து அணிகளில் கடைசியாக நின்றது. 2019–20இல் இறுதி ஆட்டம் வரை எழுந்து, அதன்பின் மூன்று பருவங்கள் தொடர்ந்து எட்டாம் இடத்தில் முடித்தது. 2024–25இல் பதினோராம் இடம். இந்த ஆண்டுகளில் பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து மாறினர்; கோல்காப்பாளர் விஷால் கைத் 2022இலும், அணித்தலைவர் அனிருத் தாபா 2023இலும் கொல்கத்தாவுக்குப் போயினர். இத்தகைய விலகல்களில் ரசிகர் பேச்சு எத்திசையில் ஓடுகிறது என்று கவனித்தால் இக்கட்டுரையின் வாதம் தெளிவாகும். விற்பது ஒரு கழகம், வாங்குவது இன்னொரு கழகம், விலையை முடிவு செய்வது இருவரின் கணக்குப் புத்தகம். ஆயினும் “காசுக்காகப் போய்விட்டான்”, “துரோகி” என்ற வசைகள் முதலில் பாய்வது கையெழுத்திட்ட ஆட்டக்காரரின் மேல். பந்தைத் தவறவிட்ட தடுப்பாட்டக்காரர், மஞ்சள் அட்டை வாங்கிய நடுக்களத்தார் ஆகியோரின் பெயர்கள் எல்லோர் வாயிலும் புரள்கின்றன. அந்த இடங்களுக்கு வேறு ஆளைத் தேடாமல் விட்ட விளையாட்டு இயக்குநரின் பெயரைச் சொல்லக்கூடியவர் ரசிகர்களில் மிகச் சிலரே.

திருச்சியின் சொந்தக் கால்பந்து மரபு இதற்கு நேர்மாறான ஓர் அமைப்பிலிருந்து வந்தது. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1928இல்; அதே ஆண்டு அந்த ரயில்வே முழுவதும் பெரும் வேலைநிறுத்தம் கண்டது; 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். குடியிருப்பும் இன்ஸ்டிடியூட்டும் மைதானமும் பணிமனையை ஒட்டியே வளர்ந்த அந்த ஊரில், விளையாட்டும் சங்கமும் ஒரே மனிதர்களின் மாலைப் பொழுதைப் பங்கிட்டுக்கொண்டன. ரயில்வே, வங்கி, காவல்துறை, ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று துறைகளே அணிகளை நடத்திய காலத்தில், ஆட்டக்காரர் என்பவர் அதே துறையின் சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியர். அவர் களத்தில் கைநீட்டினால் அது மைதானத்தோடு முடியாமல் பணி ஒழுங்கு சார்ந்த விஷயமாகவும் ஆகக்கூடும். அணித்தேர்வில் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினால், கேள்வி கேட்பவர் அடுத்த இயந்திரத்தில் வேலை செய்யும் சக தொழிலாளி. துறை அணிகளில் பாரபட்சம் இல்லாமல் இல்லை. வேலைக்காக ஆடுவோர், ஆட்டத்துக்காக வேலையில் இருப்போர் என்ற உரசலும் இருந்தது. ஆனால் பார்வையாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே அன்று இருந்த தூரம், பேசித் தீர்க்கக்கூடிய தூரம். 1996இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்கின் முதல் பருவத்தில் தமிழகத்திலிருந்து ஆடியதுகூட இந்தியன் வங்கி என்ற துறை அணிதான். தனியார் உரிமைக் கழகங்கள் வந்தபின் துறை அணிகள் மங்கின. அவற்றோடு அந்தத் தூரமும் மாறிற்று.

இப்போது காஜாமலை அண்ணா விளையாட்டரங்கில் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கும், கல்லூரி விடுதிகளில் கைப்பேசித் திரையைச் சுற்றி உட்காரும் இளைஞர்களுக்கும், ஊரின் பெயர் தாங்கிய முதல்நிலைக் கால்பந்துக் கழகம் இல்லை. ஊர்ப்பெயரும் மைதானமும் பிரிந்து கிடப்பது தமிழக விளையாட்டில் புதிதன்று. சென்னை சிட்டி எஃப்சி 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3–1 என வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது கோயம்புத்தூரில். அவ்வணியின் பெத்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்திருந்தார். சென்னையின் எஃப்சி தன் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த அதே ஆண்டில் சென்னை சிட்டி ஐ-லீக்கையும், மதுரையின் சேது எஃப்சி மகளிர் லீக்கையும் வென்றன என்பது தமிழகக் கால்பந்து வரலாற்றில் தனியே எழுத வேண்டிய அத்தியாயம். ஆனால் 2020–21 பருவத்தோடு சென்னை சிட்டி தேசிய லீக்கிலிருந்து மறைந்தது. அதற்காக அழுதவர்களைச் சமாதானப்படுத்த ஓர் அறிக்கைகூடக் கடமையாக இருக்கவில்லை. கிரிக்கெட்டிலும் இதே கதை: தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2016இல் ரூபி திருச்சி வாரியர்ஸாக இருந்த அணி பால்சி திருச்சி என்றும் பிறகு திருச்சி கிராண்ட் சோழாஸ் என்றும் பெயர் மாறியது, ஆட்டங்கள் நடப்பதோ சென்னை, திண்டுக்கல், சேலம், கோவை, திருநெல்வேலியில். காரைக்குடிக் காளை ஒரு நாள் திருப்பூர்த் தமிழன்ஸ் ஆயிற்று. காரைக்குடியில் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

உரிமை இல்லாமல் பற்று மட்டும் கொண்டவருக்குச் சட்டம் என்ன இடம் தரலாம் என்ற கேள்விக்கு ஸ்ரீரங்கமே ஒரு விடையை வைத்திருக்கிறது. அரங்கநாதர் கோயில் எந்தத் தனிமனிதரின் சொத்தும் அன்று. அங்கே வழிபடுகிறவர் பங்குதாரரும் அல்லர். ஆயினும் கோயில் நிர்வாகம் குறித்த வழக்குகள் அங்கே நூற்றாண்டுகளாக நடந்துவந்திருக்கின்றன. கோயிலொழுகு என்ற வரலாற்றேடு, இராமானுசர் கைங்கரியங்களையும் பணிப் பிரிவுகளையும் சீரமைத்ததையும், பின்வந்தோர் அவற்றில் கண்ட குழப்பங்களையும் பதிவு செய்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், கோயிலில் வழிபட உரிமையுள்ளவரையும் வழிபடும் வழக்கமுள்ளவரையும் அக்கோயிலில் அக்கறையுள்ள நபர் என்று வரையறுத்து, அத்தகையோர் சிலர் சேர்ந்து நிர்வாகத் திட்டம் வகுக்கக் கோரி விண்ணப்பிக்க இடம் தருகிறது. சித்திரை வீதியில் வாழ்ந்து நாள்தோறும் ரங்கா ரங்கா கோபுரத்தைக் கடப்பவர், ஒரு பைசா முதலீடு இல்லாமலே நிர்வாகத்தை எழுத்து மூலம் கேள்வி கேட்கலாம். தொடர்ந்து வருகிறார் என்பதே அவருடைய தகுதி. பருவச் சீட்டு வாங்கிப் பத்தாண்டு மாடத்தில் நின்ற கால்பந்து ரசிகருக்கு, தன் கழகம் பெயர் மாறுவதைக் குறித்தோ ஊர் மாறுவதைக் குறித்தோ அந்த அளவு தகுதியும் எந்தச் சட்டத்திலும் இல்லை. கோயிலும் கழகமும் ஒன்றல்ல. கழகம் தனியார் நிறுவனம், நட்டம் அதன் உரிமையாளருடையது என்ற எதிர்வாதம் வலுவானது. ஆனால் ஊரின் பெயரையும் நிறத்தையும் பொதுச் சொத்தான அரங்கத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் நிறுவனம், முற்றிலும் தனியார் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

நிர்வாகத்தின் தவறுகளுக்கு விதிகளே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வழிகாட்டலில் அமைந்த கழக உரிம முறை, விளையாட்டு, உள்கட்டமைப்பு, பணியாளர், சட்டம், நிதி என்ற ஐந்து வகைகளில் கழகங்களைச் சோதிக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், ஆட்டக்காரர் கழகத்துக்கு எழுத்து மூலம் குறைந்தது 15 நாள் கெடு கொடுத்து, அதன்பின்னும் பணம் வராவிட்டால் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபாவின் இடமாற்ற விதிகள் அனுமதிக்கின்றன. கடன் தீர்க்காத கழகம் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை பெறலாம். இவை கூர்மையான கருவிகள். ஆனால் இவற்றை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை ஆட்டக்காரருக்கும் சம்மேளனத்துக்கும் மட்டுமே உண்டு. பதிவுத் தடையால் அணி மெலிந்து தோற்கும்போது அதன் வலி போய்ச் சேருவதோ, காரணம் தெரியாமல் மாடத்தில் இருப்பவரிடம்.

2025இல் இந்த நிலை அதன் எல்லையைத் தொட்டது. 2010இல் சம்மேளனம் செய்துகொண்ட 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்ததும், அதைப் புதுப்பிப்பது தொங்கலில் நின்றதும் காரணமாக, இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தும் நிறுவனம் ஜூலையில் புதிய பருவத்தை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல்நிலை அணியின் சம்பளத்தை நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையின் எஃப்சியும் தன் செயல்பாட்டை நிறுத்திவைத்தது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஆட்டங்கள் ஆண்டு முடியும் வரை தொடங்கவில்லை. எந்த ஆட்டக்காரரும் எந்த விதியையும் மீறாமல், ஒரு சிவப்பு அட்டையும் காட்டப்படாமல், நாட்டின் முதல்நிலைக் கால்பந்தே நின்றுபோனது. வசைபாட ஆட்டக்காரர் எவரும் களத்தில் இல்லாத அந்த மாதங்களில்தான் ரசிகர் பேச்சு ஒப்பந்தம், சம்மேளன விதித்தொகுப்பு, உச்ச நீதிமன்றம் என்று நிர்வாகத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பியது என்பது தற்செயல் ஆகாது.

குரலற்ற நிலையிலும் ரசிகர்கள் சில வழிகளைக் கண்டிருக்கிறார்கள். 2020இல் ஏடிகே கழகத்தோடு மோகன் பகான் இணைக்கப்பட்டு அந்த மூன்றெழுத்து முன்னால் ஒட்டப்பட்டதை ரசிகர்கள் மூன்றாண்டு எதிர்த்தனர்; 2023 மார்ச்சில் அணி கோப்பை வென்ற இரவில் உரிமையாளர் பெயரை மாற்றுவதாக அறிவித்தார். 2021 ஜூலையில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள், முதலீட்டாளரோடு ஒப்பந்தம் இழுபறியாவதைக் கண்டித்துக் கழக வாசலில் கூடியபோது தடியடி வாங்கினர். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் தன் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கிய வேளையில், மஞ்ஞப்பட என்ற ரசிகர் அமைப்பு, பழியைப் பயிற்சியாளரோடு முடிக்க மறுத்து, நிர்வாகத்துக்கு எதிராகச் சீட்டுப் புறக்கணிப்பை அறிவித்தது. பலியாட்டை ஏற்க மறுத்த அந்த முடிவு இந்திய ரசிகர் வரலாற்றில் ஒரு முதிர்ச்சி. சென்னையின் எஃப்சிக்கு பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் ஆகிய அமைப்புகள் உண்டு. ஆனால் புறக்கணிப்பு என்ற ஆயுதம் அரங்கத்துக்கு வாரம்தோறும் போகிறவரிடமே வேலை செய்யும். திருச்சி ரசிகர் வராமல் இருப்பதை எந்தக் கழகமும் கவனிக்கப் போவதில்லை.

ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற 50+1 விதி உண்டு. ஊர் பெயர்ந்த விம்பிள்டனைக் கைவிட்டு 2002இல் ரசிகர்களே புதுக் கழகம் தொடங்கிய இங்கிலாந்தில், 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பை நிறுவியிருக்கிறது. இந்தியாவில் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், விளையாட்டு வாரியத்தையும் தீர்ப்பாயத்தையும் அமைத்து, சம்மேளனங்களின் நிர்வாகத்தில் விளையாட்டு வீரர்களுக்கு இடம் ஒதுக்குகிறது. ரசிகர் என்ற ஒரு தரப்பு இருப்பதாக அது கருதவில்லை.

பெரும் சட்டங்களுக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஐரோப்பியக் கூட்டமைப்பின் உரிமம் பெறும் ஒவ்வொரு கழகமும் 2012–13 முதல் ரசிகர் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமித்தாக வேண்டும்; கழகத்தின் முடிவுகளை ரசிகருக்கும், ரசிகரின் குறைகளைக் கழகத்துக்கும் கொண்டுசெல்வதே அவர் வேலை. இந்தியக் கழக உரிம நிபந்தனைகளில் இதைச் சேர்ப்பதற்குச் செலவு ஒருவரின் சம்பளம் மட்டுமே. சென்னையின் எஃப்சியில் அப்படி ஓர் அலுவலர் அமர்ந்தால், தாபாவை ஏன் விட்டார்கள் என்பதற்கு முன்பாகவே திருச்சியிலிருந்து அவருக்கு வரக்கூடிய கேள்வி மிகச் சாதாரணமானது: இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, எழும்பூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடித்து, விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டிய 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளவர்களுக்காக, பருவத்தில் ஒரு சில ஆட்டங்களையாவது ஞாயிறு மாலை 5 மணிக்கு வைக்கச் சொல்லிக் கழகம் எப்போதாவது ஒளிபரப்பாளரிடம் கேட்டதுண்டா?